பதினோரு கண்ணி

சங்கிலி வந்து இறங்கிய அன்றைக்கே சென்னியப்பனுக்கு அது பிடிக்காமல் போய்விட்டது. கொழிஞ்சாம்பாறை பஸ்ஸில் சாக்கு மூட்டையாக வந்த அதை அவருடைய மகள் செல்லாத்தாள் தலையில் தூக்கிக்கொண்டு பாலக்காட்டு எல்லையில் இருக்கிற தங்கள் ஊர் நல்லாம்பதி வரைக்கும் ஒன்றரை மைல் நடந்து வந்தாள். வாசலில் கொட்டியபோது இரும்புக் கண்ணிகள் நூறும் கலகலவென்று சரிந்தன. கட்டுத்தரையில் சோளத்தட்டு மென்றுகொண்டிருந்த எருதுகள் இரண்டும் தலையைத் தூக்கிப் பார்த்தன.

"இதென்ன அம்மணி, கெணத்துல தூர் வாங்கறதுக்கா?" என்று கேட்டார், தெரிந்துகொண்டே.

"அளக்கறதுக்குங்கப்பா. சர்வேச் சங்கிலி, அறுவத்தாறு அடி. பாலக்காட்டு எஞ்சினியர் ஊட்டுல கேட்டு வாங்கிட்டு வந்தனுங்க. ஒரு மாசத்துல திருப்பிக் குடுக்கோணும்."

"எதை அளக்கப் போறே?"

"யாராச்சும் ஒருத்தர் பூமியைங்க."

அது எழுபத்துநாலாம் வருஷத்துத் தை மாசம். சர்வே இலாகாவில் படம் வரைகிற வேலைக்கு எழுதிய பரீட்சையில் செல்லாத்தாள் தேறியிருந்தாள். புதிதாக உண்டான இடுக்கி ஜில்லாவில் மலையை எல்லாம் அளந்துகொண்டிருந்தார்கள். காந்தலூர்ப் பக்கத்துத் தமிழ்ப் பத்திரங்களைப் படிக்கத் தெரிந்த ஆள் ஒன்று தேவிகுளம் ஆபீசுக்கு வேண்டியிருந்தது. ஆனால் உத்தரவு கைக்கு வருவதற்கு முன் செய்முறைப் பரீட்சை ஒன்று பாக்கி. ஒரு சர்வே நம்பர் பூமியை அவளே சங்கிலி போட்டு அளந்து, படமாக வரைந்து வைக்க வேண்டும். அதிகாரி ஒருவர் அந்த இடத்துக்கே வந்து படத்தையும் பூமியையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். சரியாக இருந்தால் வேலை. தப்பாக இருந்தால் அது அடுத்த பெயருக்குப் போய்விடும். மறுபடியும் எப்போது ஆள் எடுப்பார்களோ, அதற்குள் அவளுக்கு வயது தாண்டிவிடும்.

இந்த இடத்தில் அந்தப் பெண்ணைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் மேலே போக முடியாது. பத்தாவது வரைக்கும் தமிழில் படித்தவள். மலையாளத்தில் அப்போது ஒரு எழுத்துத் தெரியாது. பஸ்ஸுக்குக் காத்து நின்ற நேரத்தில் பஸ் போர்டுகளைப் பார்த்தே எழுத்தைப் பிடித்துக்கொண்டாள். அதனால் முதல் ஒரு வருஷம் அவளுக்குத் தெரிந்த மலையாளம் முழுக்க ஊர்ப் பெயர்களாகவே இருந்தது. பாலக்காட்டில் டிராஃப்ட்ஸ்மேன் படிப்புக்குச் சேர்ந்தபோது முப்பது பையன்களுக்கு நடுவில் பெண்பிள்ளைகள் இரண்டே பேர். இரண்டு வருஷமும் காலை ஆறரை பஸ், ஒரு நாள் தவறவில்லை. மைப்பேனாவை எடுத்து அவள் போடுகிற கோடு எந்தக் கனத்தில் தொடங்கியதோ அதே கனத்தில் முடியும். இப்படி ஒரு கை ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் வாய்க்கும், அது கடலை பிடுங்குகிற வீட்டில் வந்து வாய்த்திருந்தது.

அளப்பதற்குப் பூமி கேட்டு ஐந்து வீடு ஏறி இறங்கினாள். நிலத்துக்கு உச்சவரம்பு வைத்த சட்டம் வந்து நாலு வருஷம்தான் ஆகியிருந்தது, சங்கிலி என்ற பேச்சை எடுத்தாலே பூமி பறிபோகும் என்று ஜனங்கள் பயந்தார்கள். காபி கொடுத்தார்கள், நல்ல வார்த்தை சொன்னார்கள், பூமியை மட்டும் கொடுக்கவில்லை. கடைசியாகப் போனது ஆறுச்சாமியிடம். அவர் சென்னியப்பனுக்குப் பங்காளி, தம்பி முறை. தெற்கே அடுத்த பூமி அவருடையது.

"அம்மணி, உன்மேல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. ஆனாச் சங்கிலி ஒருக்கா உள்ள வந்துச்சுன்னா பொறகாலயே சர்க்காரும் வந்துரும். உங்கப்பன் பூமி நாலு ஏக்கரா சும்மாதான இருக்குது, அதை அள."

"சரீங்க சித்தப்பா."

"அளக்கறது அளக்கறே, அப்படியே அந்த இட்டேரியையும் ஒருக்கா அளந்து பாரு. என்ற வண்டி போறப்ப அச்சு உங்க வேலியில ஒரசுது. போன மாசம் கடலை மூட்டையோட சாஞ்சே போச்சு. உங்கப்பன்கிட்டச் சொன்னா, வேலிக்குக் காலா மொளச்சிருக்குதுன்னு கேக்கறாரு."

இட்டேரி என்பது இரண்டு பக்கமும் கிளுவை வேலி வைத்து நடுவில் வண்டி போகிற தடம். சென்னியப்பன் பூமிக்குக் கிழக்கு ஓரமாக ரோட்டிலிருந்து இறங்கித் தெற்கே ஆறுச்சாமி காட்டுக்குப் போகிறது. வேலந்தாவளம் சந்தை நாளில் எதிரெதிரே இரண்டு வண்டி வந்துவிட்டால் ஒன்று ரோடு வரைக்கும் பின்னால் போகத்தான் வேண்டும். எந்த வண்டி போவது என்பதில் பதினைந்து வருஷமாக வழக்கு இருந்துவருகிறது.

"அளந்துக்கோ," என்றார் சென்னியப்பன் மகளிடம். "ஆனாச் சங்கிலி புடிக்க என்னையக் கூப்புடாதே. ஊருக்கு முன்னால என்னால முடியாது."

"நாம் புடிக்கறனுங்க," என்றாள் அவர் மனைவி நாச்சம்மாள், அடுப்படியிலிருந்தே.

கடலை பிடுங்கி முடிந்து பூமி வெறுமனே கிடந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிழக்கேயிருந்து அடித்துக்கொண்டேயிருந்தது. செம்மண் பறந்து வந்து பல்லில் நறநறத்தது. நாச்சம்மாள் முந்தானையைத் தலையோடு கட்டிக்கொண்டு சங்கிலியின் முன் வளையத்தைப் பிடித்து நடந்தாள். செல்லாத்தாள் பின்னால் நின்று, தூரத்துக் கொடிக்கம்புக்கு நேராக வருகிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்துக் கையைக் காட்டினாள்.

"சித்த கெழக்கால வாங்கம்மா. இன்னும் ஒரு சாண். அங்கயே நில்லுங்க."

"இழுத்துப் புடிக்கட்டுமா?"

"கெணத்துக் கயிறாட்ட இழுக்காதீங்க, கண்ணி நீண்டு போயிரும். வெறப்பா இருந்தாப் போதும்."

"முப்பது வருசம் எருது பூட்டிக் கவலை எறைச்ச ஊட்டுல எனக்குக் கயிறு புடிக்கச் சொல்லித் தர்றயாக்கும்," என்றாள் நாச்சம்மாள். ஆனால் மறுதடவை சொன்னபடியே பிடித்தாள். இரண்டாம் நாள் மத்தியானத்துக்குள் அவளுக்கு எல்லாம் பழகிவிட்டது. நிற்கச் சொல்வதற்கு முன்பே நேராக வந்து நின்றாள்.

ஒரு சங்கிலித் தூரத்துக்கு ஒரு இரும்பு அம்பு குத்தினார்கள். செல்லாத்தாள் அம்பை எண்ணி எடுத்துக்கொண்டு, கொண்டையில் செருகியிருந்த பென்சிலை உருவிப் புத்தகத்தில் எழுதுவாள். கிணறு, தென்னை, மோட்டார் ரூம், வரப்பு, ஒன்றையும் விடவில்லை. ஒரு ஓரத்தைப் போகும்போது ஒரு தரம், திரும்பி வரும்போது ஒரு தரம் அளந்தாள். இரண்டும் ஒத்துவராவிட்டால் மூன்றாம் தரம். வெயிலில் அவள் முகம் செம்பருத்தி மாதிரி ஆகிவிட்டது. சென்னியப்பன் கிணற்று மேட்டில் உட்கார்ந்து நுகத்தடிக்குக் கயிறு திரிப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு முழக் கயிறு திரிக்க அவருக்கு மூன்று நாள் ஆயிற்று.

மத்தியானம் தென்னை நிழலில் தூக்குப்போசியைத் திறந்து சோளச்சோறும் கொள்ளுக் கடைசலும் சாப்பிடும்போது அவரும் வந்து உட்கார்ந்தார்.

"வடக்கால எத்தனை வந்துச்சு?"

"ஐநூத்து எட்டு கண்ணிங்கப்பா. பழைய படத்துலயும் ஐநூத்து எட்டுதான். அச்சு அசலா இருக்குதுங்க."

"நீ சரியாத்தான் அளக்கறயாட்ட இருக்குது," என்றார் சென்னியப்பன். அவரிடமிருந்து இவ்வளவு வந்ததே பெரிது என்று நாச்சம்மாள் அவருக்கு இன்னொரு கரண்டி கடைசல் ஊற்றினாள்.

பழைய படம் என்றது தாலுகா ஆபீசில் நகல் எடுத்து வந்தது. கொச்சி ராஜா காலத்தில் அளந்து, நாலு மூலைக்கும் கல் நட்டு வரைந்த படம். அதில் தெற்கு ஓரம் ஐநூற்றுப் பன்னிரண்டு கண்ணி. செல்லாத்தாள் தென்மேற்கு மூலைக் கல்லிலிருந்து கிழக்கு வேலி வரைக்கும் அளந்தபோது ஐநூற்று இருபத்துமூன்று வந்தது.

முதலில் அவள் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். நல்ல வேலைக்காரர்கள் அப்படித்தான். அப்புறம் சங்கிலியைச் சந்தேகப்பட்டாள். வாசலில் அறுபத்தாறு அடிக்கு இரண்டு ஆணி அடித்து வைத்திருந்தாள், அதில் போட்டுப் பார்த்தாள், சரியாக இருந்தது. மறுபடி அளந்தாள், இருபத்துமூன்று. மறுநாள் காற்று எழும்புவதற்கு முன் போய் அளந்தாள், அப்போதும் இருபத்துமூன்றுதான். மற்ற மூன்று மூலையிலும் கல் கண்ணுக்குத் தெரிந்தது. தென்கிழக்கு மூலையில் மட்டும் கல் இல்லை, வேலிதான் இருந்தது.

நாலாம் நாள் அந்த வேலி ஓரமாகக் குனிந்து குனிந்து நடந்தாள். உள்பக்கம் பட்டுப்போன கிளுவை முண்டுகள் மண்ணுக்கு மேல் வரிசை வரிசையாகத் தலை நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு வரிசைக்கும் அடுத்ததுக்கும் அரையடி. ரோட்டு முனையில் ஒரே வரிசை. தெற்கே வர வர வரிசைகள் கூடின. அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

கிளுவை கிழடாகி வேலியில் சந்து விழுந்தால், சித்திரை மழைக்குப் புதுப் போத்து வெட்டி நடுவது வழக்கம். பழைய வரிசைக்கு உள்பக்கம் நட்டால் ஏர் ஓட்டும்போது கொழு மாட்டும், பழைய வேரும் புதிதைப் பிடிக்க விடாது. ஆகையால் எல்லோரும் வெளிப்பக்கமாகவே நடுவார்கள். ஒரு நடவுக்கு அரையடி. இதைத் திருட்டு என்று யாரும் நினைத்ததில்லை. சென்னியப்பன் அப்படித்தான் நட்டார், அவருடைய அப்பாவும் அப்படித்தான் நட்டார். ரோட்டு முனையில் இருக்கிற கல்லுக்கு ரோட்டுக்காரர்கள் வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்துவிடுவதால் அங்கே மட்டும் வேலி மரியாதையாக நின்றது.

கதவுப் பலகை ஒன்றை இரண்டு டின்களின்மேல் வைத்திருந்தாள், அதுதான் அவளுக்கு வரைகிற மேஜை. மை காய்கிற வரைக்கும் கோழி ஏறாமல் பார்த்துக்கொள்வது சென்னியப்பனுடைய வேலையாகியிருந்தது. அப்படி அவர் கோழிக்குக் காவல் இருந்த ஒரு காலையில்தான் அவள் கேட்டாள்.

"அப்பா, தென்கெழக்கு மூலைக் கல்லு எங்கீங்க?"

"எந்தக் கல்லு?"

"நாலு மூலைக்கு நாலு கல்லு. மூணு இருக்குதுங்க. ஒண்ணைக் காணம்."

"அது எங்கப்பாரு காலத்துலயே இல்ல. எவனாச்சும் துவைக்கற கல்லுக்குத் தூக்கிட்டுப் போயிருப்பான்."

"இல்லீங்கப்பா. நம்ம தட்டுப்போருக்கு அடியில இருக்குதுங்க."

சென்னியப்பன் கோழியை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். வேலி ஓரத்தில், தென்கிழக்கு மூலையில், ஆள் உயரத்துக்கு மேல் சோளத்தட்டை அடுக்கி மாட்டுக்கு ஒரு வருஷத் தீனியாக வைத்த போர் அது.

"நீ பாத்தயா?"

"பாக்கலீங்க. மூணு கல்லுலருந்தும் அளவு புடிச்சா மூணும் வந்து அங்கதானுங்க சேருது. வேலிக்கு உள்ள பதினோரு கண்ணி."

"பதினோரு கண்ணின்னா எத்தனை?"

"ஏழேகால் அடிங்க."

அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். ஏழேகால் அடி என்றால் வேலி ஓரத்துத் தென்னை நாலும் போகும். போர் போடுகிற இடம் போகும். அதெல்லாம் போகட்டும், ஆறுச்சாமி சொன்னது சரியாகிவிடும். பதினைந்து வருஷமாக அவனை வாயடைத்து அனுப்பியிருக்கிறார். கோவில் கூட்டத்தில் நாலு பேருக்கு முன்னால் கேலி செய்திருக்கிறார்.

"கண்ணுல தெரியறது வேலி. வேலிய வரைஞ்சு குடு."

"வேலிய வரைஞ்சா அது வேலிப் படமுங்க. பூமிப் படம் ஆகாதுங்க."

"அப்பக் கல்லு காணலைன்னு எழுதிப்போடு. அப்படி எழுதறது வழக்கந்தான?"

"வழக்கந்தானுங்க. நெசமாவே தெரியாட்டி எழுதலாம். இருக்கற எடம் தெரிஞ்சுட்டு எப்படிங்க காணலைன்னு எழுதறது?"

"எழுதுனா வேலை கெடைக்குமா கெடைக்காதா?"

"கெடைச்சாலும் கெடைக்குமுங்க."

"பொறகென்ன? தேவிகுளத்துல போயி ஊரான் பூமியெல்லாம் அளக்கப் போறவ, மொதல்ல அப்பன் பூமியில கைவெக்கோணுமாக்கும்."

செல்லாத்தாள் பேனாவைத் துணியில் துடைத்தாள். "அப்பன் பூமியத் தப்பா வரைஞ்ச கையில ஊரான் பூமிய எப்படிங்கப்பா வரையறது? ஒவ்வொரு கோடு போடறப்பவும் இது ஞாபகம் வரும்."

"தட்டுப்போர்ல எவனாச்சும் கைவெச்சான்னா நான் மனுசனா இருக்கமாட்டேன். சொல்லிப்போட்டேன்," என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சென்னியப்பன் இறங்கிப் போனார். அதற்குள் கோழி பலகையில் ஏறி, மூடி வைத்திருந்த மைப்புட்டியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்று நாள் அந்த வீட்டில் களி கிண்டுகிற சத்தமும் காற்று ஓடுகளைப் புரட்டுகிற சத்தமும்தான். மூன்றாம் நாள் சாப்பிடும்போது நாச்சம்மாள் தொடங்கினாள்.

"ஏனுங்க, வேலி போனா இக்கட்டால, உள்பக்கமா நட்டுக்கலாமுங்க."

"உனக்கென்ன தெரியும்?"

"எனக்குத் தெரியுமுங்க. சங்கிலியோட அந்த முனையப் புடிச்சது நாந்தான. தப்புன்னா என்ற கையும் தப்பு. ஆனா ஒரு தரம்கூட என்ற கை ஆடலைங்க."

அன்று தாயும் மகளும் தண்ணீருக்குப் போயிருந்தபோது சென்னியப்பன் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு பலகை அருகில் போனார். மேலே மூடியிருந்த துணியை எடுத்தார். நாலு ஏக்கரையும் ஒரே பார்வையில் அவர் அதுவரை கண்டதில்லை. கிணறு ஒரு வட்டம், அதைச் சுற்றி மேடு மெல்லிய கீற்றுகளாக. ஒவ்வொரு தென்னைக்கும் ஒரு சின்னக் குறி. எண்ணிப் பார்த்தார், பட்டுப்போன இரண்டை நீக்கிச் சரியாக இருந்தன. பெயரும் சர்வே நம்பரும் மலையாளத்தில் அச்சு அடித்த மாதிரி. வேலி ஒரு வரிசைப் புள்ளியாகப் போயிற்று. அதற்கு உள்ளே, கல்லிலிருந்து கல்லுக்கு, ஒரு நேர்கோடு. அந்த இரண்டுக்கும் நடுவே இருந்த சந்தின்மேல் பட்டும் படாமலும் கட்டைவிரலை வைத்தார். நகத்துக்கு அடியில் அது மறைந்துவிட்டது. மூலையில் மலையாளத்திலும் அதன் கீழே தமிழிலும் பொடி எழுத்தில் 'கல் தட்டுப்போருக்கு அடியில், வேலிக்கு உள்ளே 11' என்று இருந்தது. அவருக்குக் கோபம் வரவில்லை. இவ்வளவு அழகான ஒன்று இந்த வீட்டுக்குள் எப்படி வந்தது என்று இருந்தது. கோழி வரும் சத்தம் கேட்டுத் துணியை மூடினார்.

அதிகாரி வந்தது வேலந்தாவளம் சந்தை நாளன்று. குடையும் கான்வாஸ் ஷூவுமாக, காய்ந்த உடம்புக்காரர். இருபது வருஷம் தேவிகுளத்துப் பக்கம் பள்ளிவாசல் மலையில் மழையிலும் அட்டைக்கடியிலும் அளந்தவர் என்று கூட வந்த பியூன் சொன்னான். பேச்சு பாதி மலையாளம், பாதி தமிழ். மோர் கொடுத்ததைக் குடித்துவிட்டு நேராகப் பூமிக்கு இறங்கினார்.

"சங்கிலி பிடிச்சது ஆரா?"

"நாந்தானுங்க," என்றாள் நாச்சம்மாள்.

அவர் கண்ணாடியைத் தூக்கி அவளை ஒரு தரம் பார்த்தார். பிறகு தன் பியூனை ஒரு முனையில் விட்டு வடக்கு ஓரத்தையும் மேற்கு ஓரத்தையும் அளந்தார். கிணற்றுக்கு ஒரு அளவு, மோட்டார் ரூமுக்கு ஒரு அளவு. ஒவ்வொன்றுக்கும் படத்தைப் பார்த்து "கொள்ளாம்" என்று மெச்சித் தலையாட்டினார். தென்கிழக்கு மூலைக்கு வந்ததும் பொடி எழுத்தைப் படித்துவிட்டு நின்றார்.

"இது எந்தா மோளே? கல்லு போருக்கு அடியிலோ? நீ கண்டோ?"

"காணலீங்க சார்."

"காணாத்த கல்லைப் படத்தில் எங்ஙனே வரைஞ்சு?"

"மூணு மூலைக் கணக்கும் அங்கதானுங்க சார் காட்டுது."

"கல் காணலைன்னு எழுதியாப் போதுமே. ஞான் ஒப்புப் போட்டுப் போயிருப்பேனே."

"அது நெசமில்லீங்க சார்."

"இப்ப நீ எழுதி வெச்சாச்சு. ஞான் நோக்கணும். கல்லு அவிடே இல்லெங்கிலோ?"

"படம் தப்புங்க சார். வேண்டாம்னு எழுதிருங்க."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். சென்னியப்பன் பக்கம் திரும்பினார். "போரு உங்களுது. பிரிக்கச் சொல்ல எனக்கு அதிகாரமில்ல. நோக்காமப் பாஸ் எழுதவும் முடியாது. ரெண்டு மணி பஸ்ஸுக்கு ஞான் போகணும். நீங்க சொல்லுங்க."

சென்னியப்பன் சும்மா நின்றிருந்தால் போதும். போர் அதன் இடத்தில் இருக்கும். வேலி, தென்னை, பதினைந்து வருஷத்து மரியாதை எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது, மாட்டுத் தீனி அல்லவா. அவர் மகளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை. பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டு, படம் காற்றில் பறக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். கேட்டிருந்தால் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பார்.

துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு போரின்மேல் ஏறினார்.

முதல் நாலு கட்டைக் கீழே தள்ளும்போது இட்டேரியில் ஆறுச்சாமியின் வண்டி சந்தைக்குப் போக வந்தது. விற்பதற்கு ஒரு கிடாரியைப் பின்னால் கட்டியிருந்தார்.

"ஏனுங்கண்ணா, போருக்குள்ள பாம்பு கீம்பு பூந்துருச்சுங்களா?"

"வாயப் பாத்துட்டு நிக்காம வேலியத் தாண்டி வா. கீழ நின்னு கட்டை வாங்கிப் போடு."

ஆறுச்சாமி எதற்கென்று தெரியாமலே வந்து வாங்கிப் போட்டார். பங்காளி என்றால் வழக்கு ஒரு பக்கம், கைவேலை ஒரு பக்கம். முக்கால் மணி நேரத்தில் வேலிப் பக்கத்துப் பாதிப் போர் தரை வரைக்கும் இறங்கிவிட்டது. செல்லாத்தாளும் நாச்சம்மாளும் சங்கிலியை மூன்று கல்லிலிருந்தும் மறுபடி பிடித்து, கோடுகள் சேர்ந்த இடத்தில் ஒரு குச்சியைக் குத்தினார்கள்.

சென்னியப்பன் கடப்பாரையை எடுத்தார். ஒரு முழம் தோண்டினார். மக்கிய தட்டும் செம்மண்ணும் வந்தன. இரண்டு முழம் ஆயிற்று, கல் இல்லை. அதிகாரி குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். ஆறுச்சாமி, "இங்க என்னத்தைங்கண்ணா தேடறீங்க?" என்றார்.

"மதி, போதும்," என்றார் அதிகாரி, மெதுவாக. "கல்லு இத்தனை ஆழத்தில் நடுற வழக்கமில்ல."

"சார், ஒரு முழம் கூடத் தோண்டட்டுங்க," என்றாள் செல்லாத்தாள். குழியிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை. "கல்லு ஆழத்துல நடலீங்க. மண்ணுதான் மேல ஏறியிருக்குது. வேலி இருக்கற எடத்துலதான் காத்து கொண்டாந்த புழுதி நிக்கும். எழுவது வருசப் புழுதிங்க சார்."

சென்னியப்பன் குழிக்குள் நிமிர்ந்து நின்றார். வேலிக்கு அப்பால் இட்டேரியைப் பார்த்தார். அது காட்டு மண்ணைவிடத் தாழ்ந்து, கிட்டத்தட்ட அவர் நின்ற குழி மட்டத்துக்கே கிடந்தது. வேலி ஓரத்து மண் உயரமாக இருப்பதைத் தினமும் பார்க்கிறவர்தான். ஒரு நாளும் ஏன் என்று நினைத்ததில்லை. இந்தப் பெண் நாலு நாளில் நினைத்துவிட்டாள்.

எச்சிலைக் கையில் துப்பித் தேய்த்துக்கொண்டு மறுபடி இறக்கினார். கல் இல்லாவிட்டால் அவருக்கு ஏழேகால் அடி லாபம். அது நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும், ஒவ்வொரு குத்துக்கும் வாய்க்குள் மாரியாத்தாளைக் கூப்பிட்டார். ஆத்தா, இருக்கோணும். அங்கயே இருக்கோணும். அக்கட்ட இக்கட்டப் போயிரப்படாது. வாழ்நாளில் எந்தக் கல்லையும் அவர் இப்படிக் கும்பிட்டதில்லை.

ணங் என்றது.

கடப்பாரையை எறிந்துவிட்டு முழங்காலில் விழுந்து இரண்டு கையாலும் மண்ணை வாரினார். கல்லின் தலை தெரிந்தது. தலைத்துண்டை அவிழ்த்துத் துடைத்தார். நடுவில் உளியால் வெட்டிய கூட்டல் குறி, செல்லாத்தாள் குச்சி குத்தியிருந்த இடத்துக்கு நேர் கீழே. அதிகாரி குடையைக் கீழே போட்டுவிட்டுச் சங்கிலியின் முனையைத் தாமே வாங்கினார். கூட்டல் குறியிலிருந்து வேலிக்குப் பிடித்து, கண்ணி கண்ணியாக விரல் வைத்து எண்ணினார்.

"பதினொண்ணு," என்றார். "மோளே, தேவிகுளத்தில் நல்ல குளிரு. ஒரு கம்பிளி எடுத்து வெச்சுக்கோ."

நாச்சம்மாள் அப்படியே வரப்பில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஆறுச்சாமிக்கு இப்போது விளங்கத் தொடங்கியிருந்தது. கல்லைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், இட்டேரியில் முடங்கி நின்ற தம் வண்டியைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் சென்னியப்பன் குழிக்குள்ளிருந்தே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்:

"என்னடா பாக்கறே? ஏழேகால் அடி. என்ற புள்ள கண்ணுல பாக்காதயே எழுதி வெச்சுட்டா. நீ வேணும்னாக் கயிறு போட்டு அளந்துக்கோ. ஒரு விரக்கடை தப்பிருந்தா என்னைய வந்து கேளு."

ஆறுச்சாமி அளக்கவில்லை. குழிக்குள் கையை நீட்டினார். அதைப் பிடித்து மேலே ஏறும்போதுதான் தாம் தோற்ற சங்கதி சென்னியப்பனுக்கு ஞாபகம் வந்தது. முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டே வேலியை வடக்கிலிருந்து தெற்கு வரைக்கும் ஒரு தரம் பார்த்தார்.

"சந்தை முடிஞ்சு வெரசா வா," என்றார். "வேலியப் பிரிக்க ஒரு ஆள் பத்தாது."